நீ கியர் மாற்றிய இடம் சரிதான்

அன்று சூலக்கரைக்குப் பக்கத்தில், தார் போட்டு முடித்தும் இன்னும் திறந்துவிடாத நாலு வழிச் சாலையில் இருந்தவர்கள் ஏழு பேர். காருக்குள் ஐந்து பேர்: அப்போது முதலாளிக்கு டிரைவராக இருந்த நீ, நான், பட்டாசுக் கம்பெனியில் என்னோடு திரி செருகும் பேச்சியம்மாள், முதலாளி, முதலாளியின் அக்கா மகனும் அவர் மகளைக் கட்டப்போகிறவருமான பிரேம்குமார். வெளியே இரண்டு பேர்: செல்போனை வைத்துக்கொண்டு தூரத்துக் கல்லில் நின்ற போர்மேன் சங்கரலிங்கம், சிவப்புக் கொடியோடு இந்தப் பக்கம் நின்ற சாலைக் காவல்காரர் கண்ணாயிரம். பிற்பாடு இந்தக் கதையை ஊரில் சொன்னவர்கள் இருபது பேர் வேடிக்கை பார்த்ததாகச் சொன்னார்கள். ஏழு பேர்தான். யார் என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்று கேட்டாலும் சொல்வேன்.

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். கார் செய்கிற ஒரு கம்பெனியில் வண்டியைச் சோதித்து ஓட்டிப் பார்க்கிற வேலைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை அவர்கள் மைதானத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும், நின்ற இடத்திலிருந்து கிளம்பி எத்தனை சீக்கிரம் வேகம் பிடிக்கிறாய் என்று பார்ப்பார்கள் என்றாய். மனசு நிறைந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, போகப்போவதில்லை என்றாய். “அன்னைக்கே ரெண்டு கல்லு தூரத்துல தெரிஞ்சுபோச்சேம்மா, எனக்குக் கை வராதுன்னு” என்று நீ சொன்னபோது நான் பதில் பேசவில்லை. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்துவிடுவாய். காகிதத்தில் புக முடியாது. பேரனை மடியில் வைத்துக்கொண்டு படிக்காதே, கிழித்துவிடுவான். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுவதில் எழுத்துப் பிழை இருக்கும். நடந்ததைச் சொல்வதில் பிழை இருக்காது.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீ உன்னையே குறை சொல்லிக்கொண்டு காரை மறந்துவிட்டாய். வெள்ளை நிற டீசல் கார், பழசு. வீட்டுக்கும் அதுதான், ஏழாயிரம்பண்ணையில் இருக்கிற பட்டாசுக் கம்பெனிக்கும் அதுதான். கம்பெனிக் கேட்டுக்குள் வருகிற எந்த வண்டிக்கும் புகைக்குழாய் வாயில் கம்பி வலை போட்டிருக்க வேண்டும், தீப்பொறி வெளியே விழக்கூடாது என்பதற்காக. வலையைக் கழற்றிப் போட்டுக் கழற்றிப் போட்டு அலுத்துப்போய், அந்தக் காருக்கு வலையை நிரந்தரமாகவே முறுக்கி வைத்துவிட்டார்கள். அதில் கரி அடையும். மாதம் ஒருமுறை நீ கழற்றி, வேப்பங்குச்சியால் தட்டித் தட்டிக் கரியை உதிர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு மூச்சுவிடுகிற மனுசி மெதுவாக நடந்தால் சமாளிப்பாள், ஓடச் சொன்னால் திணறுவாள். அந்தக் காரும் அப்படித்தான். இன்ஜினை அதிகம் அலறவிட்டால் புகை போக வழியில்லாமல் திணறும். உனக்கு அது தெரிந்திருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல், வண்டியோடு பழகித் தெரிந்துகொண்டாய். அதனால்தான் இன்ஜின் அலறுவதற்கு முன்னாடியே அடுத்த கியருக்குப் போவாய்.

முதலாளி மகளுக்கு விருதுநகர் வீட்டில் நிச்சயதார்த்தம் நடந்த நாள் அது. கம்பெனியிலிருந்து என்னையும் பேச்சியம்மாளையும் பாத்திரம் கழுவ, மாவாட்டக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டால் போக வேண்டும், அது கம்பெனி வேலையில் சேராத கம்பெனி வேலை. நாலு மணிக்கு எல்லாம் முடிந்து, மீந்த ரசத்தை எனக்கு ஒரு தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தார்கள். மூடி கொடுக்க மறந்துவிட்டார்கள், நானும் கேட்கவில்லை. முதலாளி கம்பெனிக்கு வர வேண்டியிருந்ததால் எங்களையும் காரில் ஏற்றிக்கொண்டார். மாப்பிள்ளையும் கூட வந்தார். சங்கரலிங்கம் முன்னால் பைக்கில் போனார். விருதுநகர் தாண்டுவதற்குள் மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

“என்ன மாமா, இவரு கார் ஓட்டுறாரா, மாடு மேய்க்கிறாரா? இன்ஜின் முழிக்கிறதுக்குள்ள அடுத்த கியரைப் போட்டுத் தூங்க வச்சிடுறாரு.”

நீ சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருந்தாய். அவர் விடவில்லை. ஒவ்வொரு கியரையும் கடைசி வரைக்கும் இழுத்து, இன்ஜின் கத்திய பிறகுதான் மாற்ற வேண்டும், அப்போதுதான் வேகம் பிடிக்கும், கல்யாணத்துக்கு முன்னால் டிரைவரை மாற்றிவிடுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அப்போதுதான் நீ வாயைத் திறந்து, “இந்த வண்டிக்கு அப்பிடி இழுத்தா வேகம் வராதுங்க” என்றாய். மரியாதையாகத்தான் சொன்னாய். ஆனால் நிச்சயம் முடிந்த மாப்பிள்ளையிடம், மாமனார் முன்னால், இரண்டு வேலைக்காரப் பெண்கள் முன்னால் சொன்னாய். முதலாளி சிரித்தார். புதுச் சாலையில் இரண்டு கல் தூரம் ஆளுக்கு ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடுவோம், ஜெயிக்கிறவர் சொல்வதுதான் சரி என்றார். போர்மேனை நிறுத்தி, செல்போனில் நேரம் பிடிக்கச் சொன்னார். இருநூறு மீட்டருக்கு ஒன்றாய் நட்டிருந்த சின்னக் கற்களில் முதல் கல்லில் காரை நிறுத்த, மூன்றாவது கல்லில் போர்மேன் போய் நின்றார்.

நானும் பேச்சியம்மாளும் இறங்கப் போனோம். மாப்பிள்ளை, “இறங்க வேணாம், லோடு இருக்கட்டும்” என்றார். பேச்சியம்மாள் என் காதில், “யம்மாடி, காருல ஏத்துனாகளேன்னு பாத்தேன், லோடுன்னுல்ல ஏத்திருக்காக” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் வேலை போகப்போகிறதா இருக்கப்போகிறதா என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உன் அப்பா போன பிறகு நீ வாங்கின முதல் நிரந்தர வேலை அது.

முதலில் மாப்பிள்ளை ஓட்டினார். நீ பின்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய், முதலாளி முன்னால். கண்ணாயிரம் கொடியை இறக்கியதும் நான் எண்ணத் தொடங்கினேன். நான் வேண்டுமென்று எண்ணவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை திரி செருகினோம் என்று வருடக்கணக்காக எண்ணி எண்ணி, கை சும்மா இருந்தாலும் மனசு ஒரே சீராக எண்ணும். எங்கள் எண்ணிக்கை கூடாது, குறையாது. கார் கிளம்பியதும் மடியிலிருந்த வாளியில் ரசம் என் வயிற்றுப் பக்கம் ஏறி நின்றது. நல்ல இழுப்பு. இன்ஜின் ஏறிக்கொண்டே போனது, ரசமோ இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டாவது கியரில் நடுவிலிருந்த கல் வரைக்கும் இழுத்தார். கார் போட்ட கூச்சலில் பேச்சியம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் வாளியில் ரசம் குளத்துத் தண்ணீர் மாதிரி சமமாக நின்றது. சத்தம் இருந்தது, இழுப்பு இல்லை. மூன்றாவது கல்லைத் தாண்டியபோது என் எண்ணிக்கை ஐம்பத்து நாலு.

காரைத் திருப்பி முதல் கல்லுக்கே வந்த பிறகு நீ ஓட்டினாய். மாப்பிள்ளை பின்னால் வந்து உட்கார்ந்தார். அவர் மேல் பட்டுவிடக்கூடாது என்று பேச்சியம்மாள் என் மேல் ஏறி உட்காராத குறைதான். அதே ஐந்து பேர், அதே பாரம், அதே சாலை. முதல் கியரை நீ வண்டி எழுந்து நிற்பதற்கு மட்டும்தான் வைத்திருந்தாய். இரண்டாவதை ஓரத்தில் கிடந்த ஜல்லிக் குவியல் வரைக்கும் வைத்தாய், அது நடுக் கல்லுக்கு ரொம்ப முன்னால். அங்கே மூன்றாவதுக்குப் போனாய். மாப்பிள்ளை “பாத்தீங்களா” என்பது போல் நாக்கைச் சொடுக்கினார். நான் வாளியைப் பார்த்தேன். ஒவ்வொரு மாற்றத்திலும் ரசம் ஒரு நொடி முன்னால் அசைந்து, மறுபடி என் வயிற்றுப் பக்கம் ஏறி நின்றது. ஒருமுறைகூடச் சமமாகக் கிடக்கவில்லை. மூன்றாவது கல்லில் என் எண்ணிக்கை ஐம்பது. நான் இரண்டு தரமும் ஒரே சீராகத்தான் எண்ணினேன். என்னை யார் சந்தேகப்பட்டாலும் நீ சந்தேகப்படாதே.

உனக்குத் தெரியுமா, ரசத்தை வைத்துப் பார்ப்பது எனக்கு அன்றைக்குப் புதிதில்லை. கம்பெனி வேனில் டிரைவருக்குப் பின்சீட்டில் கஞ்சிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை வருடம் போனேன். கஞ்சித் தண்ணீர் மட்டமாகிவிட்டது என்றால் இந்தக் கியரில் இனிமேல் சத்து இல்லை என்று அர்த்தம். நல்ல டிரைவர் அதற்குச் சற்று முன்னாலேயே மாற்றிவிடுவான். அவசரக்காரன் தண்ணீர் நன்றாகச் சாய்ந்து நிற்கும்போதே மாற்றி, மேல் கியரில் வண்டியை முக்க வைப்பான். சத்தத்தை நம்புகிறவன் மட்டமான பிறகும் பிடித்துக்கொண்டே இருப்பான். இதை நீங்கள் படித்தவர்கள் கட்டம் போட்ட தாளில் கோடு கிழித்துக் காட்டுவீர்களாம், நீயே ஒருதரம் சொன்னாய். நாங்கள் கையால் அறிந்தது இது. திரி செருகும்போது வலக்கை வேகம், இடக்கை மந்தம். வலக்கை லேசாகச் சோர்ந்ததுமே மாற்றினால் நட்டம், ஏனென்றால் சோர்ந்த வலக்கையும் இடக்கையைவிட வேகம்தான். விரல் மரத்துப்போகிற வரை மாற்றாமல் இருந்தாலும் நட்டம். வலக்கையின் வேகம் இறங்கி இறங்கி, இடக்கையின் மந்தத்துக்கும் கீழே போகப்போகிற அந்த இடத்தில்தான் கை மாற்றுவோம். கியருக்கும் அந்த இடம்தான். அன்று நீ அந்த இடத்தில்தான் மாற்றினாய், முதல் கியரையும் இரண்டாவதையும்.

அப்புறம் நடந்ததுதான் உனக்கு மறக்கவில்லை, ஆனால் நீ பார்த்தது பாதி. நீ காரை நிறுத்திவிட்டு வலை சூடாகியிருக்கிறதா என்று பின்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய். முதலாளி இறங்கி, தனியாகச் சங்கரலிங்கத்திடம் நடந்து போனார். செல்போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். இரண்டு பேரும் குனிந்து ஏதோ பேசினார்கள். பிறகு சங்கரலிங்கம் நம் பக்கம் வந்து, “மாப்பிள்ளைக்கு இருவத்தஞ்சு செகண்டு, டிரைவருக்கு இருவத்தேழு” என்றார். மாப்பிள்ளை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதலாளி உன் தோளில் கை வைத்து, “விடுலே, கை பழகும்” என்றார். நீ தலையை ஆட்டினாய்.

நான் வாயைத் திறக்கவில்லை. இது என் தப்பு, இதை நான் யார் மேலும் போடப்போவதில்லை. ஐம்பத்து நாலு, ஐம்பது என்று எனக்குத் தெரியும். சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பேச்சியம்மாள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். “நாளைக்கு நம்ம ரெண்டு பேரும் அந்தக் கேட்டுக்குள்ளதான் போகணும்” என்று மட்டும் சொன்னாள். ஆனால் நான் அடங்கினது அவள் பேச்சுக்கு அல்ல. முதலாளி பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் இரண்டு தரமும் காருக்குள் இருந்தவர். இழுப்பு இருந்தால் முதுகு சீட்டோடு ஒட்டும், இல்லாவிட்டால் விலகும், அது முதலாளி முதுகாக இருந்தாலும் அப்படித்தான். அவருக்குத் தெரியாமல் இருக்காது, ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டான் என்று திருத்துவார் என்று நினைத்தேன். அவர் திருத்தவில்லை. நான் காத்திருந்ததில் பேச வேண்டிய நேரம் போய்விட்டது. வாளியில் இருந்த ரசத்தை வீட்டுக்கு வந்து சாக்கடையில் ஊற்றினேன். நீ அதைக் கேட்டாய், புளித்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

மறுவாரமே உன்னைக் காரிலிருந்து இறக்கி லோடு வண்டிக்கு அனுப்பினார்கள். நீ அதை ஏற்றுக்கொண்ட விதம்தான் என்னால் தாங்க முடியவில்லை. லோடு வண்டியிலும் அடுத்த கியருக்கு நீ பயந்து பயந்து போனாய். ஒருநாள் ஆமத்தூர் ஏற்றத்தில், மாப்பிள்ளை சொன்ன மாதிரி இரண்டாவதிலேயே பிடித்துக்கொண்டு கத்தவிட்டாய், பின்னால் வந்த பஸ்காரன் ஆரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது, உன் கை சரியென்று சொன்னதை நீ கேட்பதை நிறுத்திவிட்டாய் என்று. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சீசன் முடியட்டும் என்று ஒத்திப்போட்டேன். சீசன் முடிந்தது, நீ சென்னைக்குப் போய்விட்டாய், கல்யாணமும் ஆனது, பிள்ளையும் வந்தது. சங்கரலிங்கத்திடம் மட்டும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பெண்டாட்டி சாவுக்குக்கூட வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன்.

போன மாதம் விருதுநகர் போகிற பஸ்ஸில் அவர் எனக்கு முன்சீட்டில் இருந்தார். ஆமத்தூரில் கூட்டம் இறங்கியதும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். கண் புரை விழுந்திருக்கிறது, ஆப்பரேசனுக்குப் போகிறாராம்.

“யக்கா, இன்னமும் எம் மூஞ்சியப் பாக்க மாட்டீகளா?”

“ஒமக்குத்தான் கண்ணு தெரியலயே, நான் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன” என்றேன்.

அவர் குனிந்து சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார். “மாப்பிள்ளைக்குத்தான் இருவத்தேழு. ஒங்க மகனுக்கு இருவத்தஞ்சு. நான் மாத்திச் சொன்னேன்.”

எனக்கு அது செய்தியே இல்லை, நான் எண்ணியவள். ஏன் மாற்றிச் சொன்னீர் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. “போனை மொதலாளிதான் வாங்கிப் பாத்தாரு. ரெண்டு கணக்கையும் பாத்தாரு. பாத்துட்டு அவரே அமுக்கி அழிச்சாரு. மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது, மாத்திச் சொல்லிருன்னாரு. நான் சொல்லிட்டேன்க்கா. எனக்கு மூணு பொட்டப்பிள்ளைக.”

நான் நகர்ந்து இடம் விட்டேன். அவர் உட்கார்ந்தார். விருதுநகர் வரும் வரைக்கும் கண் ஆப்பரேசனைப் பற்றித்தான் பேசினோம்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். நீ போகிறாய். அதில் பேச்சே இல்லை. ஆனால் நீ ஜெயித்தவன் என்று தெரிந்ததும் பழைய பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதே. அங்கே தருகிற வண்டிக்கு வாயில் வலை இருக்காது, கரி அடைந்திருக்காது, பெட்ரோல் வண்டியாக இருந்தால் இன்ஜின் மேலே போகப் போகச் சத்து கூடும். அதில் ஜல்லிக் குவியலிலேயே மாற்றினால் நீதான் மாடு மேய்ப்பாய். மாப்பிள்ளை பேசியது அவர் ஓட்டிப் பழகின வண்டிக்குச் சரி, இந்த வண்டிக்குத் தப்பு, அவ்வளவுதான் அவர் குற்றம். முதல் ஓட்டத்தில் ஒவ்வொரு கியரையும் கொஞ்சம் கூடவே இழுத்துப் பார். முதுகு சீட்டைவிட்டு எங்கே தளர்கிறது என்று கவனி. அடுத்த கியரில் விழுந்ததும் முதுகு எத்தனை அழுந்துகிறது என்பதையும் கவனி. இரண்டும் சமமாகிற இடத்தை முதல் கியருக்குத் தனியாக, இரண்டாவதுக்குத் தனியாக, மூன்றாவதுக்குத் தனியாக வைத்துக்கொள், எல்லாக் கியருக்கும் ஒரே இடம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இரண்டாவது ஓட்டத்தில் அந்த இடங்களில் யோசிக்காமல் மாற்று. யோசித்தால் கை தாமதமாகும், கிளட்சை மிதித்த நேரமெல்லாம் வண்டி சும்மா உருளும் நேரம். அவர்கள் மைதானத்து மேடை மேலே ஒரு ஆளை உட்கார வைத்து நேரத்தை எழுதிக்கொள்ளச் சொல்வார்களாம். எழுதட்டும். உன் கண்ணுக்கு எதிரே எழுதச் சொல்.

இன்னொன்று. வேலைக்குக் கூப்பிட்ட அன்றைக்கே முதலாளியிடம் நன்னடத்தைக் கடிதம் கேட்டிருந்தாயாம், அவரும் சந்தோசமாகத் தருகிறேன் என்றாராம். இன்னமும் அவர் உன் தோளில் கை வைத்ததைப் பெரிய மனசு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். அந்தக் கடிதத்தை வாங்காதே. வாங்கியிருந்தால் கொண்டுபோகாதே. உன் கை எப்படிப்பட்டது என்று இந்த உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஆள் அவர், தெரிந்தே அழித்தவர். அவர் கையெழுத்து இல்லாமல் நீ ஓட்டிக் காட்டு.

மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் தான் ஜெயித்ததாகவே நம்பிக்கொண்டிருக்கிறார், பாவம். சங்கரலிங்கத்தைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன். பேச்சியம்மாள் என் முழங்கையை அழுத்தியதை என்றைக்கோ விட்டுவிட்டேன். என்னை நானே மன்னித்துக்கொள்வது திங்கட்கிழமைக்குப் பிறகு. கம்பெனியில் வேலை பார்க்கிற நாங்கள் யாரும் முதலாளி பெயரை வாயால் சொல்வதில்லை, ரேசன் கார்டில் வேலை செய்யும் இடம் கேட்டால்கூட முதலாளி கம்பெனி என்றுதான் சொல்வோம். நானும் இத்தனை வருடத்தில் சொன்னதில்லை. இன்று எழுதுகிறேன், நீயும் படித்துத் தெரிந்துகொள். நான் சாகும்வரை மன்னிக்காத ஆள் ஒருவர்தான். தனுஷ்கோடி.